பள்ளிக்கூடக் கூரைக்கு ஓட்டுப் போடும் ஊர்கள்

எலெக்‌ஷன்னு சொன்னதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? எம்.எல்.ஏ., எம்.பி., கவுன்சிலர். விரலில் மை. ஒரு நாள் லீவு. அமெரிக்காவில் பல ஊர்களின் ஓட்டுச்சீட்டில் இதெல்லாம் முடிந்த பிறகு இன்னொரு கேள்வியும் இருக்கும். "நம்ம ஊர் பள்ளிக் கட்டடங்களுக்காக இப்போது கட்டிக்கொண்டிருக்கும் சொத்து வரியை இன்னும் 5 வருஷத்துக்குப் புதுப்பிக்கலாமா?" இதில் வேட்பாளர் கிடையாது, சின்னம் கிடையாது. வரிக்கு ஆதரவு, வரிக்கு எதிர்ப்பு என்று ரெண்டே கட்டம்.

வரி கட்டுறவங்ககிட்டயே போய் "வரி போடட்டுமா?"ன்னு கேட்டா யாராவது சரின்னு சொல்லுவாங்களா? சொல்றாங்க. பல ஊர்களில் அஞ்சு வருஷத்துக்கு ஒரு முறை திரும்பத் திரும்பச் சொல்றாங்க. சில ஊர்களில் முடியாதுன்னும் சொல்றாங்க. இந்த ஏற்பாடு எப்படி வேலை செய்யுது, எங்கே உதைக்குது, இதில் நாம் கவனிக்க என்ன இருக்கு என்பதுதான் இந்தக் கட்டுரை.

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும். அதனால் ஒரே ஒரு மாநிலத்தை எடுத்துக்கொள்வோம்: ஓஹியோ. இந்த முறையின் நல்லது, கெட்டது ரெண்டும் அங்கே தெளிவாகத் தெரியும். கடைசியில் நம்ம ஊர் சொத்து வரி ரசீதையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம்.

காசு எங்கிருந்து வருது?

நம்ம ஊரில் அரசுப் பள்ளி என்றால் பெரும்பாலும் மாநில அரசின் கல்வித் துறை. அமெரிக்காவில் அப்படி இல்லை. அங்கே 'ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்' என்பது தனி உள்ளாட்சி அமைப்பு. அதற்கென்று தேர்தலில் ஜெயித்த ஒரு போர்டு, தனி பட்ஜெட், தனி வரி எல்லாம் உண்டு. நாடு முழுக்க 13,000-க்கு மேல் இப்படி இருக்கின்றன. ஓஹியோவில் மட்டும் 600-க்கு மேல்.

பள்ளிகளுக்கான மொத்தப் பணத்தில் மத்திய அரசின் பங்கு பொதுவாகப் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். மீதியை மாநிலமும் உள்ளூரும் கிட்டத்தட்டச் சரிபாதியாகச் சுமக்கின்றன. அந்த உள்ளூர்ப் பணத்தில் பெரும்பகுதி சொத்து வரி. அதாவது பக்கத்து வீட்டுக்காரரின் வீட்டு மதிப்புக்கும் உங்க ஸ்கூல் கூரைக்கும் நேரடி சம்பந்தம் இருக்கு.

மில் கணக்கு

ஓஹியோவில் சொத்து வரியை 'மில்' என்ற அலகில் சொல்வார்கள். வரிக்குரிய மதிப்பில் 1,000 டாலருக்கு 1 டாலர் என்றால் அது 1 மில். வீட்டின் முழு மதிப்புக்கும் வரி கிடையாது. அதில் 35 சதவீதத்துக்குத்தான்.

உதாரணத்துக்கு, 1,00,000 டாலர் மதிப்புள்ள ஒரு வீடு. வரிக்குரிய மதிப்பு 35,000 டாலர். 1 மில் என்றால் வருஷத்துக்கு 35 டாலர். 2 மில் என்றால் 70 டாலர். அவ்வளவுதான், ஸ்கூல் கணக்கு.

மக்களைக் கேட்காமல் உள்ளாட்சிகள் எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ள முடியாது. ஓஹியோ அரசியல் சட்டம் அதற்கு ஒரு உச்சவரம்பு வைத்திருக்கிறது: நடைமுறையில் 10 மில். அந்த 10-ஐயும் கவுண்டி, நகராட்சி, பள்ளி எல்லாரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் ஒவ்வொரு மில்லுக்கும் ஓட்டு. ஓட்டில் ஜெயித்த அந்த வரிக்குப் பெயர் 'லெவி'.

பள்ளிகளின் லெவியில் பல வகை உண்டு. சம்பளம், கரண்ட் பில் மாதிரி அன்றாடச் செலவுக்கு ஒரு வகை. நமக்கு வேண்டியது இன்னொரு வகை: 'பெர்மனன்ட் இம்ப்ரூவ்மென்ட் லெவி'. தமிழில் சொன்னால் நிலையான மேம்பாட்டு வரி. இதற்குச் சட்டத்தில் ஒரு அழகான வரையறை இருக்கு. வாங்கும் பொருளோ செய்யும் வேலையோ குறைந்தது 5 வருஷம் உழைக்கணும். கூரை மாற்றலாம், பாய்லர் மாற்றலாம், ஜன்னல் மாற்றலாம், ஸ்கூல் பஸ் வாங்கலாம். இந்தப் பணத்தில் ஆசிரியர் சம்பளம் கொடுக்க முடியாது. இந்தக் கட்டுப்பாடு ஏன் முக்கியம் என்பதைக் கொஞ்சம் கீழே பார்ப்போம்.

புதுப்பிப்பதும் புதுசாகப் போடுவதும்

பெரும்பாலான இந்த லெவிகளுக்கு எக்ஸ்பைரி டேட் உண்டு, பொதுவாக 5 வருஷம். முடியும்போது போர்டு மறுபடி மக்களிடம் வரும். அப்போது 'ரினியூவல்' என்று கேட்டால், ஏற்கெனவே கட்டிக்கொண்டிருப்பதைத் தொடரலாமா என்று அர்த்தம். புது லெவி என்றால் இருப்பதற்கு மேல் இன்னொன்று. ஓட்டுச்சீட்டிலேயே இது எது என்று தெளிவாக எழுதியிருக்கணும். 1,00,000 டாலர் வீட்டுக்கு எத்தனை டாலர் ஆகும் என்றும் இருக்கணும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கு. 1976-இல் ஓஹியோ ஒரு சட்டம் போட்டது. ஊரில் வீட்டு விலைகள் ஏறினாலும், ஓட்டில் ஜெயித்த லெவி ஏற்கெனவே இருக்கும் வீடுகளிலிருந்து வசூலிக்கும் மொத்தத் தொகை ஏறக்கூடாது. மதிப்பு ஏற ஏற, வரி விகிதம் தானாகவே இறங்கும்.

ஒரு கற்பனை டிஸ்ட்ரிக்டை வைத்துப் போட்டுப் பார்ப்போம். மொத்த வரிக்குரிய மதிப்பு 20 கோடி டாலர். லெவி 2 மில். வசூல் வருஷத்துக்கு 4 லட்சம் டாலர். சில வருஷம் கழித்து மறுமதிப்பீட்டில் மதிப்பு 25 கோடி ஆகிறது. விகிதம் 1.6 மில்லாக இறங்கும். 25 கோடி பெருக்கல் 1.6 மில் என்றால் அதே 4 லட்சம். புதுசாக வீடுகள் கட்டினால் மட்டும் கொஞ்சம் கூடும்.

வரி கட்டுபவருக்கு இது நிம்மதி. ஆனால் கூரைக்குப் போடும் தார் ஷீட்டின் விலை அதே இடத்தில் நிற்காது, இல்லையா? 10 வருஷத்துக்கு முந்தைய 4 லட்சத்தில் மாற்றிய அளவு கூரையை இன்றைய 4 லட்சத்தில் மாற்ற முடியாது. அதனால் ரினியூவல் என்பது பள்ளிக்குக் கூடுதல் பணம் கொடுப்பது அல்ல. விலைவாசியைக் கணக்கில் எடுத்தால் கொஞ்சம் குறைவாகத்தான் கொடுக்கிறது.

ரினியூவலை மக்கள் சுலபமாக ஏற்றுக்கொள்ள இன்னொரு காரணமும் உண்டு. பழைய லெவிகளில், சொந்த வீட்டில் குடியிருப்பவரின் வரியில் 12.5 சதவீதத்தை மாநில அரசே கட்டிவிடும். அதாவது 70 டாலரில் அவர் கட்டுவது 61 டாலர் சொச்சம். 2013 நவம்பர் தேர்தலிலிருந்து ஜெயிக்கும் புது லெவிகளுக்கு இந்தச் சலுகை இல்லை. பழைய லெவியைப் புதுப்பித்துக்கொண்டே போனால் சலுகையும் தொடரும். ஒருமுறை காலாவதியாக விட்டுவிட்டு, அதே அளவு வரியைப் புதுசாகக் கேட்டால், சலுகை போச்சு. அரியர் வைக்காமல் பாஸ் பண்ணினால் ஃபீஸ் மிச்சம் என்கிற மாதிரி.

பராமரிப்புக்கு ஏன் தனி டப்பா?

இதுக்கு சிவில் டிபார்ட்மென்ட் பசங்ககிட்ட கேளுங்க, உடனே சொல்லுவாங்க. கட்டடம் ஒரே நாளில் கெடாது. முதலில் கூரைத் தளத்தில் ஒரு முடி அளவு விரிசல். மழைநீர் வடிகுழாயில் அரசமரக் கன்று. தண்ணீர் உள்ளே இறங்கும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும், உள்ளிருந்து தள்ளும். ஒரு நாள் சீலிங்கிலிருந்து பூச்சு பெயர்ந்து, கம்பி எலும்பு மாதிரி வெளியே தெரியும்.

டி சிட்டர் என்ற கான்கிரீட் நிபுணர் 1984-இல் சொன்ன 'ஐந்தின் விதி' இதைக் கணக்காகச் சொல்கிறது. கட்டும்போதே ஒழுங்காகச் செய்ய 1 டாலர் என்றால், துருப்பிடிக்கும் முன்னால் கவனிக்க 5 டாலர். துரு அங்கங்கே ஆரம்பித்த பிறகு 25 டாலர். எங்கும் பரவிய பிறகு 125 டாலர். இது துல்லியமான ஃபார்முலா இல்லை, ஒரு மனக்கணக்குதான். ஆனால் திசை சரி: தள்ளிப்போட்ட ரிப்பேர் வட்டி போடும்.

இது தெரிந்தும் ஏன் தள்ளிப்போடுகிறோம்? புதுக் கட்டடத்துக்குத் திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு, போட்டோ உண்டு. ஒழுகாத கூரைக்கு எந்த விழாவும் கிடையாது. பட்ஜெட்டில் பணம் பத்தவில்லை என்றால் எந்த நிர்வாகமும் முதலில் கை வைப்பது பராமரிப்பில்தான். சம்பளத்தை நிறுத்தினால் அடுத்த நாளே தெரியும். வாட்டர்ப்ரூஃபிங்கை நிறுத்தினால் மூணு மழைக்காலம் கழித்துத்தான் தெரியும். அப்போது பொறுப்பில் வேறு யாரோ இருப்பார்கள்.

அதனால்தான் அந்த 'சம்பளத்துக்குத் தொடக்கூடாது' என்ற கட்டுப்பாடு. வீட்டில் அம்மா அரிசி டப்பாவில் தனியாகப் போட்டு வைக்கும் பணம் மாதிரி. எவ்வளவு நெருக்கடி வந்தாலும் அது அதற்குத்தான்.

ஒரு தீர்ப்பு காட்டிய படம்

இவ்வளவு நல்ல ஏற்பாடு என்றால் ஓஹியோ பள்ளிகள் எல்லாம் பளபளன்னு இருக்கணுமே? இல்லை. இங்கேதான் கதை உதைக்குது.

1991-இல் பெர்ரி கவுண்டியில் ஒரு வழக்குப் போடப்பட்டது. டிரால்ஃப் எதிர் ஓஹியோ மாநிலம் என்று பெயர். 1997-இல் மாநில உச்ச நீதிமன்றம் 4-க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது: பள்ளிகளுக்குப் பணம் கொடுக்கும் இந்த முறை மாநில அரசியல் சட்டத்துக்கு விரோதமானது. உள்ளூர் சொத்து வரியை அளவுக்கு மீறி நம்பியிருப்பது முக்கியக் காரணங்களில் ஒன்று.

அந்தத் தீர்ப்பில் மேற்கோள் காட்டிய 1990-ஆம் ஆண்டு ஆய்வின் எண்களைப் பாருங்க. மாநிலத்தின் பள்ளிக் கட்டடங்களில் பாதி, 50 வயதைத் தாண்டியவை. திருப்தியான நிலையில் இருந்த கூரைகள் 31 சதவீதம். வெப்பமூட்டும் அமைப்புகளில் 17 சதவீதம்தான் தேறின. போதுமான தீ எச்சரிக்கை அமைப்பு இருந்தவை 30 சதவீதம். எல்லாவற்றையும் சரிசெய்யவும் கட்டவும் 1,020 கோடி டாலர் வேண்டும். ஒரு டிஸ்ட்ரிக்டில் நிலக்கரி அடுப்பு. ராத்திரி படிந்த கரித்தூள் காலையில் பிள்ளைகளின் டெஸ்க் மேல் இருக்கும். பேண்ட் வாசிக்கும் மாணவர்கள் பழைய கரிக்கிடங்கில், காற்றோட்டமே இல்லாமல் பயிற்சி எடுத்துத் தலைவலியோடு வெளியே வந்தார்கள். அமெரிக்காவில்தான், 1990-களில்தான்.

இது ஏன் நடந்தது? மறுபடியும் மில் கணக்கு. 'அ' என்ற ஊரின் வரிக்குரிய மதிப்பு 100 கோடி டாலர். அங்கே மால், ஆபீஸ், பெரிய வீடுகள் எல்லாம் உண்டு. 'ஆ' என்ற ஊர், சுரங்கம் மூடிப்போன ஊர். மதிப்பு 10 கோடி டாலர். ரெண்டு ஊரும் 1 மில்லுக்கு ஓட்டுப் போடுகின்றன. 'அ'-வுக்கு 10 லட்சம் டாலர். 'ஆ'-வுக்கு 1 லட்சம். ஆனால் கூரை மாற்றும் கான்ட்ராக்டர் ரெண்டு ஊருக்கும் ஒரே ரேட்தான் சொல்வார். 'அ' ஊரின் வசூலை எட்ட 'ஆ' ஊர்க்காரர் 10 மில் கட்டணும். ஏழை ஊர் அதிக விகிதத்தில் வரி கட்டியும் மோசமான பள்ளியில் உட்காரும். மனசு இருக்கு, மதிப்பு இல்லை.

23 வருஷ நிபந்தனை

தீர்ப்பு வந்த அதே 1997-இல் ஓஹியோ, பள்ளிக் கட்டடங்களுக்கென்றே ஒரு ஆணையத்தை உருவாக்கியது. பணம் குறைவாக இருக்கும் டிஸ்ட்ரிக்டுகளுக்கு முன்னுரிமை. அவற்றுக்கு மாநிலத்தின் பங்கும் அதிகம். வசதியான ஊர்களுக்கு மாநிலப் பங்கு குறைவு. நிறையப் பள்ளிகள் புதுசாக எழுந்தன.

ஆனால் அதில் வைத்த ஒரு நிபந்தனைதான் எனக்கு இந்த மொத்த விஷயத்திலேயே ரொம்பப் பிடித்தது. மாநிலம் பணம் கொடுத்துக் கட்டடம் கட்டணுமா? அப்படியென்றால் அந்த ஊர், அரை மில் பராமரிப்புக்கு என்று 23 வருஷத்துக்கு ஒதுக்கணும். கட்டித்தருகிறோம், ஆனால் பார்த்துக்கொள்வோம் என்று நீங்கள் வாக்குக் கொடுக்கணும் என்பதுதான் டீல். கட்டுமானத்தையும் பராமரிப்பையும் ஒரே திட்டத்தின் ரெண்டு பாதியாகப் பார்த்தார்கள்.

பள்ளிகளுக்குப் பணம் கொடுக்கும் முறை முழுசாகத் திருந்தியதா என்றால், இல்லை. 2000-லும் 2002-லும் அதே நீதிமன்றம் இன்னும் சரியாகவில்லை என்றே சொன்னது. கட்டட விஷயத்தில் மட்டும் கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் வந்தது.

'எதிர்ப்பு' கட்டத்தில் குத்துபவர் சொல்வது

பள்ளிக்கு எதிராக ஓட்டுப் போடுபவர் எல்லாரும் கல்விக்கு எதிரி என்று நினைத்துவிட வேண்டாம். 72 வயதுப் பெண்மணி ஒருவரை நினைத்துப் பாருங்க. 40 வருஷத்துக்கு முன் வாங்கிய வீடு. பக்கத்தில் ஒரு கம்பெனி வந்ததால் மதிப்பு ஏறிவிட்டது. அவர் அதை விற்கப்போவதில்லை. அந்த ஏற்றம் காகிதத்தில்தான். பென்ஷன் ஏறவில்லை. ஒரு லெவி சின்னதுதான். ஆனால் பள்ளி, நூலகம், தீயணைப்பு, முதியோர் சேவை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு லெவி சேர்ந்தால் மொத்தம் பெரிசு. இந்தக் கோபம் முற்றி, 2025-இல் ஓஹியோவில் சொத்து வரியையே அடியோடு ஒழிக்கணும் என்று கையெழுத்து இயக்கம் நடக்கும் அளவுக்குப் போனது.

வேறு மாநிலங்கள் இந்தக் கோபத்தை வேறு மாதிரிக் கையாண்டன. கலிஃபோர்னியா 1978-இல் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் சொத்து வரிக்கே 1 சதவீதப் பூட்டுப் போட்டது. இன்றும் அங்கே ஒரு பள்ளி டிஸ்ட்ரிக்ட் தன் ஊரில் மனை வரி போட மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வாங்கணும். ஓஹியோவில் பாதிக்கு மேல் ஒரு ஓட்டு கிடைத்தால் போதும்.

எப்படிப் பூட்டினாலும் கூரை காத்திருப்பதில்லை. அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு வேலை செய்யும் தணிக்கை அமைப்பு 2020-இல் கொடுத்த அறிக்கைப்படி, 41 சதவீத டிஸ்ட்ரிக்டுகளில் குறைந்தது பாதிப் பள்ளிகளுக்குக் காற்றோட்ட, ஏசி, வெப்ப அமைப்புகளை மாற்றவோ புதுப்பிக்கவோ வேண்டியிருந்தது. சுமார் 36,000 பள்ளிகள். சரியாக கொரோனா வந்த வருஷம்.

நம்ம ஊர் ரசீது

இப்போ நம்ம பக்கம். சென்னையில் வீட்டுக்கு வரும் சொத்து வரியைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே 'கல்வி வரி' என்று ஒரு பகுதி இருக்கும். 1920-ஆம் ஆண்டின் மதராஸ் தொடக்கக் கல்விச் சட்டத்திலேயே உள்ளாட்சிகள் கல்விக்கென்று வரி போட வழி இருந்தது. கூடவே 10 சதவீத நூலக வரி. அது 1948-ஆம் ஆண்டின் நூலகச் சட்டத்திலிருந்து வருவது. ஆக, வீட்டு மதிப்பை வைத்துப் பள்ளிக்குப் பணம் திரட்டும் யோசனை நமக்குப் புதுசே இல்லை. நூறு வருஷமாக இருக்கு.

நமக்கும் ஓஹியோவுக்கும் வித்தியாசம் வேறு இடத்தில். அங்கே அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை ஊரைக் கேட்கிறார்கள். சென்னையில் 1998-க்குப் பிறகு 2022 வரை சொத்து வரியைப் பொதுவாகத் திருத்தவே இல்லை. 24 வருஷம்! பிறகு ஒரே அடியாக, குடியிருப்புகளுக்கு அளவையும் பகுதியையும் பொறுத்து 25 முதல் 150 சதவீதம் வரை ஏறியது. எல்லாரும் கத்தினோம். ஆனால் அந்தக் கத்தலில் "இதில் எவ்வளவு பள்ளிக் கட்டடத்துக்குப் போகும்?" என்ற கேள்வி எங்கேயாவது கேட்டதா?

கேட்க வேண்டிய கேள்விதான் அது. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் மாநிலம் முழுக்க இடியும் நிலையில் இருந்த பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடித்தார்கள். 2022-இல் பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் வந்தது: 5 வருஷத்தில் 7,000 கோடி ரூபாய். புது வகுப்பறைகள் எழுந்தன. நல்ல விஷயம்.

ஆனால் அந்த வகுப்பறையின் மொட்டை மாடித் தளம் 2035-இல் வெடிக்கும்போது காசு எந்த டப்பாவிலிருந்து வரும்? சமக்ர சிக்‌ஷா திட்டத்தில் ஒரு பள்ளிக்கு வரும் மானியம், மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்து வருஷத்துக்கு அதிகபட்சம் 1 லட்சம் ரூபாய். சாக்பீஸ், சுத்தம், சின்னச் சின்ன ரிப்பேர் எல்லாம் அதற்குள். 1,000 பேர் படிக்கும் பள்ளியின் கூரையை அதில் வாட்டர்ப்ரூஃப் பண்ண முடியுமா என்று குவான்டிட்டி எஸ்டிமேஷன் பேப்பர் எழுதியவர்கள் கணக்குப் போட்டுப் பாருங்க.

ஓஹியோவை அப்படியே காப்பி அடிக்கலாம் என்று நான் சொல்லவில்லை. வீட்டு மதிப்பை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதை அந்தக் கரித்தூள் டெஸ்க் காட்டிவிட்டது. அண்ணா நகரின் வரியையும் ஒரு சின்னப் பேரூராட்சியின் வரியையும் பக்கத்தில் வைத்தால் நமக்கும் அதே கதைதான். கட்டுவதற்கு மாநிலப் பணம் வேண்டும். ஏழை ஊருக்கு அதிகமாக வேண்டும். எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த 23 வருஷ நிபந்தனையை: ஒவ்வொரு புதுக் கட்டடத்தோடும் அதன் பராமரிப்புக்கு ஒரு தனிக் கணக்கு, வேறு எதற்கும் தொட முடியாத கணக்கு, சில வருஷத்துக்கு ஒருமுறை ஊர் முன்னால் படித்துக் காட்டவேண்டிய கணக்கு.

அதற்குச் சட்டம் மாறும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. கிராமம் என்றால் கிராம சபை இருக்கு. நகரம் என்றால் 2022-இலிருந்து பகுதி சபைக் கூட்டம் நடக்குது. ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கு. தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட 10 ரூபாய். நம்மில் பாதிப் பேருக்கு 18 வயதிலிருந்து ஓட்டு இருக்கு. பலருக்கு ஒரு கூரையைப் பார்த்தே அது எத்தனை வருஷம் தாங்கும் என்று சொல்லும் படிப்பும் இருக்கு. அடுத்த முறை வீட்டுக்குச் சொத்து வரி ரசீது வந்தால் அப்பாவிடம் வாங்கி ஒருமுறை படியுங்க. கல்வி வரி என்ற வரியில் எவ்வளவு என்று பாருங்க. அது எந்தப் பள்ளியின் எந்தக் கூரைக்குப் போச்சு என்று வார்டு கவுன்சிலரிடம் கேளுங்க. பதில் தெரியாது என்று அவர் சொன்னால், அடுத்த கூட்டத்தில் மறுபடி கேளுங்க.